தாய்மீன் தேர்வு: சாதாக்கெண்டையில் முதல் அடி

குளம் வடிக்கும் நாளில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். வியாபாரி விடியற்காலையிலேயே வண்டியோடு வந்து நிற்கிறார். பெரிய மீன் எல்லாம் கூடைக்குப் போய், எடை போட்டு, காசாகிவிடுகிறது. கடைசியாகச் சேற்றில் புரளும் குட்டை மீன்களைப் பார்த்து, "இது கிடக்கட்டும், வருகிற தையில் சினைக்கு ஆகும்" என்று பக்கத்துக் குட்டையில் விடுகிறோம். மணி திரண்ட நெல்லை எல்லாம் அரைத்துத் தின்றுவிட்டுக் கருக்காயை விதைக்கு எடுத்து வைப்பது போன்ற வேலை இது. நெல்லில் எந்தச் சம்சாரியும் இப்படிச் செய்யமாட்டார். மீனில் வருடாவருடம் செய்கிறோம். அப்புறம், "இந்தக் குஞ்சு முன்ன மாதிரி ஏறுவதில்லை" என்று குறைப்படுகிறோம்.

சொந்தமாகக் குஞ்சு உற்பத்தி செய்ய நினைப்பவர், நாலைந்து குட்டையை வைத்துக்கொண்டு வளர்ச்சிக்கும் உடல் வடிவத்துக்கும் தாய்மீனை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்லப்போகிறேன். எடுத்துக்கொண்டது சாதாக்கெண்டை (காமன் கார்ப்). இதற்கு ஹார்மோன் ஊசி வேண்டாம், வட்டத் தொட்டி வேண்டாம்; ஹாப்பாவில், அதாவது தண்ணீரில் கட்டிய வலைத்துணித் தொட்டியில், பாசியைப் போட்டால் தானே முட்டையிடும். ஒரு வருடத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ரோகு, கட்லாவில் இதையே செய்ய இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்; ஊசிச் செலவு வேறு.

திலாப்பியாவில் தொடங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நம் நாட்டில் திலாப்பியா வளர்க்கவே அனுமதி வேண்டும். குஞ்சு உற்பத்திக்கு அதைவிடக் கட்டுப்பாடு அதிகம். பழகும் கைக்கு அது சரிப்படாது.

எவ்வளவு கிடைக்கும்?

முதலில் ஆசையை அளவோடு வைத்துக்கொள்வோம். புவனேஸ்வரத்துக்குப் பக்கத்தில் கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வள நிறுவனம் 1992-இல் நார்வே நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து ரோகுவில் தேர்வுமுறை இனப்பெருக்கம் தொடங்கியது. கங்கை, கோமதி, யமுனை, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய 5 ஆறுகளின் மீனையும் உள்ளூர்ப் பண்ணை மீனையும் கலந்து அடித்தளம் போட்டார்கள். தலைமுறைக்குச் சுமார் 17 சதவீதம் வளர்ச்சி கூடியது. அதுதான் ஜெயந்தி ரோகு. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய, கிஃப்ட் என்ற திலாப்பியா இன மேம்பாட்டுத் திட்டத்தின் கதையும் இதே மாதிரிதான்: எகிப்து, கானா, கென்யா, செனகல் நாட்டு ஆற்று மீன்களும் ஆசியப் பண்ணை மீன்களும் கலந்த அடித்தளம்.

அங்கே ஒவ்வொரு மீனுக்கும் உடலுக்குள் மின்னணு அடையாளச் சில்லு. எந்த மீன் எந்தத் தாய்க்குப் பிறந்தது என்று கணினியில் பதிவு. நம்மிடம் இருப்பது தராசு, அளவுகோல், ஒரு நோட்டு. தலைமுறைக்கு 5 சதவீதம் ஏறினாலே நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்பேன். மூன்று தலைமுறையில் அது 15 சதவீதத்தைத் தாண்டும், தீவனச் செலவு அந்த அளவுக்கு ஏறாமல்.

எதைத் தேர்ந்தெடுக்கிறோம்?

ஒன்று, குறிப்பிட்ட வயதில் எடை. இரண்டு, உடல் வடிவம். மூன்றாவதாக எதையும் சேர்க்காதீர்கள். நிறம், துடுப்பு, வாய் அழகு என்று ஆசை கூடக் கூட எதிலும் முன்னேற்றம் இருக்காது.

வடிவத்தை அளக்க எளிய வழி: மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம்வரை நீளம், முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், உடல் மிக உயர்ந்திருக்கும் இடத்தில் உயரம். நீளத்தை உயரத்தால் வகுங்கள். 3-ஐத் தாண்டினால் ஒல்லிக்குச்சி. ஜெர்மனியில் ஐஷ்குருண்ட் பகுதியில் தலைமுறை தலைமுறையாக முதுகு உயரத்துக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த கெண்டைக்கு இது ஏறக்குறைய 2-தான். தட்டையான தட்டு போல நிற்கும். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2.4 முதல் 2.8 வரை இருந்தால் கடையில் பார்க்கவும் நன்றாக இருக்கும், துண்டு போட்டால் சதையும் தடிமனாக வரும் என்பது என் கணக்கு. அளக்கும்போதே தலை நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தலை சிறுத்த மீனில் சதைப் பங்கு கூடுதல்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதுகெலும்புக் கண்ணிகள் ஒட்டிப்போன மீன் நீளம் குறைந்து, உயரம் அப்படியே நிற்பதால் கணக்கில் "அற்புதமான வடிவம்" என்று வரும். அது ஊனம். முட்டைப் பருவத்துச் சூடு, தீவனக் குறைபாடு, உள்ளினச்சேர்க்கை (நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்வது) என்று பல காரணம் உண்டு. ஆகவே விகிதம் 2.2-க்குக் கீழே தனியாக ஒன்றிரண்டு மீன் துருத்திக்கொண்டு நின்றால் சந்தேகப்படுங்கள். வால் தண்டு குட்டையாக, செதில் வரிசை நெளிந்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழித்துவிடுங்கள்.

இன்னொரு பொறி, வயிறு. நம் ஊர்ச் சூட்டில் சாதாக்கெண்டை ஆறு மாதத்திலேயே சினைப்படத் தொடங்கிவிடும். தின்ற தீவனம் முட்டைக்குப் போகிறது. மீன் உருண்டு தெரிகிறது. அந்த உருட்டலை வளர்ச்சி என்று நம்பித் தேர்ந்தெடுத்தால், சீக்கிரம் சினைப்படும் குணத்தைத்தான் நீங்கள் வளர்க்கிறீர்கள். சாதாக்கெண்டையில் நமக்கு இருக்கும் பெரிய தொல்லையே அதுதான். அதனால் அளவெடுப்பை ஐந்து, ஆறு மாத வயதில், வயிறு ஊதுவதற்கு முன் முடித்துவிட வேண்டும்.

அடித்தளம்: எங்கிருந்து தாய்மீன்?

சாதாக்கெண்டை நம் மீனே அல்ல. 1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு ஜெர்மானிய வகை வந்தது. கண்ணாடிக் கெண்டை என்று மலையில் சொல்வது அந்த வழியில் வந்தது. அது குளிருக்குத்தான் ஒத்துப்போனது. 1957-இல் பாங்காக்கிலிருந்து கட்டாக்குக்கு வந்த வகையே சமவெளிக் குளங்களில் பரவியது. பிற்பாடு ஹங்கேரியிலிருந்து அமூர் கெண்டை பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவுக்கு வந்து, கர்நாடகம் வழியாகப் பல இடங்களுக்குப் போனது. இது தாமதமாகச் சினைப்படும், வேகமாக ஏறும்.

பொரிப்பகத்துக்குப் பொரிப்பகம் கைமாறி வந்த மீன் என்பதால், ஒரே இடத்தில் வாங்கினால் எல்லாம் அண்ணன் தங்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். கர்நாடகப் பொரிப்பகங்களில் இருந்த கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகளைப் பற்றி 1990-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது: ஒவ்வொரு பொரிப்பகமும் தன் குளத்து மீனையே திரும்பத் திரும்பச் சினைக்கு விட்டு, தனித் தீவாக மாறிக்கொண்டிருந்தது. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனில் அது பிழைப்பு குறைவு, வளர்ச்சிக் குறைவு, கோணல் முதுகு என்று வெளிப்படும்.

அடித்தளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு நாட்டுக் கதை போதும். இஸ்ரேலில் மோவாவ், வோல்ஃபார்த் என்ற ஆய்வாளர்கள் சாதாக்கெண்டையில் வேகமாக வளர்வதை மட்டும் ஐந்து தலைமுறை தேர்ந்தெடுத்துப் பார்த்தார்கள். 1976-இல் முடிவை வெளியிட்டார்கள்: ஒன்றும் ஏறவில்லை. மெதுவாக வளர்வதைத் தேர்ந்தெடுத்த கிளையோ நன்றாகவே இறங்கியது! அவர்கள் கையில் இருந்த மீன்கூட்டத்தில் மேலே போவதற்கான சரக்கு ஏற்கெனவே தீர்ந்திருந்தது என்று பொருள்கொள்ளலாம். வியட்நாமில் அதே எளிய முறையைத்தான் பின்பற்றினார்கள். ஆனால் அதற்கு முன் உள்நாட்டு வெள்ளைக் கெண்டை, ஹங்கேரியக் கெண்டை, இந்தோனேசிய மஞ்சள் கெண்டை மூன்றையும் கலந்தார்கள். அங்கே ஏறியது.

ஆக, குறைந்தது மூன்று இடத்து மீன் வேண்டும். முடிந்தால் அதில் ஒன்று அமூர் வழியாக இருக்கட்டும். "இது எங்கிருந்து வாங்கியது?" என்று விற்பவரிடம் தைரியமாகக் கேளுங்கள், மூன்று பேரும் ஒரே பொரிப்பகத்தின் பெயரைச் சொன்னால் நீங்கள் வாங்கியது மூன்று இடத்து மீன் ஆகாது.

செதில் விஷயம் ஒன்று. சாதாக்கெண்டையில் முழுச்செதில், கண்ணாடி (அங்கங்கே பெரிய செதில்), கோட்டுச்செதில் (பக்கவாட்டில் ஒரு வரிசை), தோல் (செதில் ஏறக்குறைய இல்லாதது) என்று நான்கு தோற்றம் உண்டு. இது இரண்டே மரபணுக்களின் விளையாட்டு என்று சோவியத் ஆய்வாளர் கிர்பிச்னிகோவ் போன்றவர்கள் தெளிவாக்கியிருக்கிறார்கள். கோட்டுச்செதிலும் தோலும் மெதுவாக வளரும். அவற்றைத் தமக்குள் சேர்த்தால் முட்டையில் கால் பங்கு பிழைக்காது. ஆகவே நல்ல முழுச்செதில் மீனாகப் பார்த்து எடுத்துக்கொண்டால் ஒரு தலைவலி குறையும்.

வந்த மீனை நேரே குளத்தில் விடாதீர்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ கல்லுப்பு கரைத்து, அதில் சில நிமிடம் முக்கி எடுங்கள். மீன் தள்ளாடத் தொடங்கினால் உடனே எடுத்துவிட வேண்டும். பிறகு இரண்டு வாரம் தனிக்குட்டை.

தொடக்கத்துக்கு 24 பெண், 48 ஆண் வைத்துக்கொள்வோம். அதை அ, ஆ, இ என்று மூன்று அணியாகப் பிரியுங்கள்: அணிக்கு 8 பெண், 16 ஆண். எல்லா ஊர் மீனும் எல்லா அணியிலும் கலந்திருக்கட்டும்.

முட்டையிட வைப்பது: ஒரே இரவு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

முதல் வருடம் நான் செய்தது இது. குட்டையில் தாய்மீனை விட்டேன், அவை இஷ்டப்பட்ட நாளில் முட்டையிட்டன. ஆறு மாதம் கழித்துக் குளத்தில் பன்னிரண்டு மீன் மட்டும் மற்றதைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. "அடேங்கப்பா, வீரியம்" என்று அதையே தாயாக வைத்தேன். அடுத்த தலைமுறையில் ஒரு கிராம்கூட ஏறவில்லை. பிறகுதான் விளங்கியது: அவை முதலில் பொரிந்த குஞ்சுகள், மற்றவற்றைவிடப் பத்து நாள் மூத்தவை. பத்து நாள் மூத்த குஞ்சு நாற்றங்காலில் தீவனத்தின் மேல் முதலில் பாயும்; பெரிதாகும்; பெரிதானதால் இன்னும் அதிகமாகப் பாயும். வயது தந்த வித்தியாசத்தைப் போட்டி பெரிதாக்கிவிடுகிறது. அண்ணன் தம்பியை நிற்க வைத்து உயரம் பார்த்து, அண்ணனுக்கு நல்ல மரபு என்று சொன்ன கதைதான்.

ஆகவே ஓர் அணியின் 8 பெண்களும் ஒரே இரவில் முட்டையிட வேண்டும். மூன்று அணிக்கு அடுத்தடுத்து மூன்று இரவு. அணிக்கு அணி ஒரு நாள் வயது வித்தியாசம் வரும். பரவாயில்லை, ஏனென்றால் தேர்வை ஒவ்வோர் அணிக்குள்ளும் தனித்தனியாகத்தான் செய்யப்போகிறோம்.

தென்னாட்டில் சாதாக்கெண்டை வருடத்துக்கு இரண்டு முறை நன்றாக முட்டையிடும்: தை, மாசிப் பக்கம் ஒன்று, ஆடி, ஆவணிப் பக்கம் ஒன்று. நமக்குத் தை மாதம் வசதி. அதற்கு ஒரு மாதம் முன்பே ஆணையும் பெண்ணையும் வேறு வேறு குட்டையில் பிரித்து வையுங்கள். பிரித்து வைத்த மீனைச் சேர்க்கும் அன்று சட்டென்று முட்டையிடும்.

ஹாப்பாவுக்கு ஒரு பெண், இரண்டு ஆண். ஆண்கள் இரண்டின் எடை சேர்ந்து பெண்ணின் எடைக்குச் சமமாக வந்தால் போதும். பெண்ணின் எடையைப் போல் இரண்டு மடங்கு வேலம்பாசியை நன்றாக அலசி ஹாப்பாவில் பரப்புங்கள். அலசாமல் போட்டால் நத்தையும் பூச்சியும் கூடவே வரும். மாலையில் மீனை விட்டால் விடிவதற்குள் பாசி முழுக்க முட்டை ஒட்டியிருக்கும். கிலோ எடைக்கு ஒரு லட்சம் முட்டை வாக்கில் வரும். காலையில் தாய்மீன்களை எடுத்துவிட்டு, பாசியை அதே எண்ணிட்ட பொரிப்பு ஹாப்பாவுக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் பொரியும்.

இப்போது முக்கியமான வேலை. ஒரு பெண் இரண்டு லட்சம் குஞ்சு கொடுத்திருக்கும், இன்னொன்று முப்பதாயிரம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் அடுத்த தலைமுறை முழுக்க ஒரே தாயின் பிள்ளையாகிவிடும். ஒவ்வொரு ஹாப்பாவிலிருந்தும் சமமாக 500 குஞ்சு மட்டும் எடுங்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் எத்தனை குஞ்சு பிடிக்கிறது என்று ஒருமுறை எண்ணிவிட்டால் பிறகு கிண்ணக் கணக்குதான். மிச்சத்தை விற்றுவிடுங்கள். வயிறெரியும், முதல் முறை எனக்கும் எரிந்தது. ஆனால் 8 குடும்பமும் சமமாகப் பங்கெடுத்தால்தான் மரபு வளம் நிற்கும்.

வளர்ப்பு: எல்லாருக்கும் ஒரே பந்தி

அணிக்கு 4,000 குஞ்சு வருகிறது. மூன்று அணிக்கும் தலா ஒரு சென்ட் அளவில், ஒரே மாதிரி மூன்று நாற்றங்கால். ஆழம், உரம், தீவனம் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். விரலளவு வந்ததும் ஒவ்வொன்றிலிருந்தும் 350 குஞ்சை எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது போல எடுக்க வேண்டும். கை தானாகப் பெரிய குஞ்சைத் தேடும், அதை அடக்குங்கள்.

அ அணிக்கு இடது வயிற்றுத் துடுப்பையும், ஆ அணிக்கு வலது வயிற்றுத் துடுப்பையும் கூரிய கத்தரியால் அடியொட்டி நறுக்குங்கள். இ அணிக்கு ஒன்றும் வேண்டாம். துடுப்பு ஓரளவு திரும்ப முளைத்தாலும் கோணலாக முளைக்கும்; அடையாளம் தெரியும். பிறகு மூன்றையும் சேர்த்து 25 சென்ட் குளத்தில் விடுங்கள். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீன். நெரிசல் கூடினால் முரட்டு மீன் மட்டும் தின்று பெருக்கும்; நீங்கள் முரட்டுத்தனத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஆவீர்கள். அதே காரணத்துக்காகத் தீவனத்தை ஒரே மூலையில் கொட்டாமல் நாலைந்து இடத்தில் பையில் கட்டித் தொங்கவிடுங்கள்.

பிடித்து அளப்பது

ஆவணி வாக்கில் மீனுக்கு ஆறு மாதம் நிறையும். முந்தின நாள் தீவனத்தை நிறுத்திவிடுங்கள். வயிற்றில் இருக்கும் தவிட்டை எடை போடக் கூடாது.

இழுவலை போட்டுப் பிடித்ததில் தேர்ந்தெடுத்து முடித்துவிடலாம் என்று தோன்றும். சாதாக்கெண்டையிடம் அது நடக்காது. வலை வருவது தெரிந்தால் மூக்கைச் சேற்றில் புதைத்து அடிக்கயிறு மேலே போகவிட்டுத் தப்பிக்கும் கள்ளன் இவன். வலையில் எளிதாகச் சிக்குவதும் தப்பிப்பதும்கூட ஓரளவு பிறவிக் குணம். வலையில் அகப்பட்டதில் மட்டும் தேர்ந்தெடுத்தால் மந்த மீனைத் தேர்ந்தெடுப்பீர்கள். குளத்தை முழுக்க வடித்தாக வேண்டும்.

ஈரத் துணி போட்ட பலகையில் அளவுகோலை ஆணியடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் அளக்க, ஒருவர் எழுத என்று மூன்று பேர் வேண்டும். எல்லா மீனுக்கும் எடை, அணி, ஆணா பெண்ணா என்பது. நீளம், உயரம், தலை ஆகியவை எடையில் தேறிய மீனுக்கு மட்டும் போதும். வயிற்றை மெல்ல அழுத்தினால் பால் விடுவது ஆண். விடாததைப் பெண் என்று எழுதுங்கள்; சிலது தவறும், போகட்டும். இந்தப் பிரிப்பு ஏன் என்றால், சாதாக்கெண்டையில் பெண் பெரிதாக வளரும். கலந்து எடை பார்த்தால் தேறுவது எல்லாம் பெண்ணாக இருக்கும்.

துள்ளும் மீனை அளப்பது சிரமம். 10 லிட்டர் தண்ணீரில், கொஞ்சம் சாராயத்தில் கரைத்த 10 சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டால் சில நிமிடத்தில் மீன் மயங்கிச் சாயும். அளந்ததும் நல்ல தண்ணீருக்கு மாற்றினால் தெளிந்துவிடும். இந்தத் தண்ணீரில் போட்ட மீனை அன்று விற்பனைக்கு அனுப்பாதீர்கள்.

தேர்வு

ஓர் அணியில் ஏறக்குறைய 300 மீன் பிழைத்திருக்கும். 150 பெண், 150 ஆண் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணில் எடை கூடிய 30-ஐயும், ஆணில் எடை கூடிய 50-ஐயும் பிரியுங்கள். இது முதல் சல்லடை. அதற்குள் கோணல், வெட்டுச் செவுள், சினை ஊதியது எல்லாம் கழியும். மிச்சத்தில் நீள உயர விகிதம் நல்லதாக உள்ள 15 பெண், 30 ஆண். இதில் 8-ம் 16-ம் முட்டைக்கு, மற்றது கையிருப்பு. தாய்மீன் சாவது சகஜம்.

எடை முதலில், வடிவம் பிறகு என்ற வரிசையை மாற்றாதீர்கள். வடிவம் பெரும்பாலும் எடையைவிடச் சீக்கிரம் பிள்ளைகளுக்கு இறங்கும். இரண்டு தலைமுறையிலேயே முதுகு உயர்வது கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்து மயங்கி எடையைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. நம் கடையில் மீன் முழுசாக எடைக்குத்தான் போகிறது.

எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குளத்துச் சராசரி 400 கிராம். நீங்கள் தேர்ந்தெடுத்தவற்றின் சராசரி 540 கிராம். வித்தியாசம் 140. இதில் மரபால் வந்தது ஏறக்குறைய கால் பங்குதான். மீதி இடம், இரை, அதிர்ஷ்டம். கால் பங்கு 35 கிராம். அடுத்த தலைமுறை அதே நிலைமையில் வளர்ந்தால் சராசரி 435-ஐ எட்டக்கூடும். அளவெடுப்பில் தவறு, தாய்மீன் சாவு என்று கொஞ்சம் கழியும். பெருமைப்படும்படி 140-ம் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதால்தான் பலர் முதல் வருடமே சோர்ந்து விட்டுவிடுகிறார்கள்.

இன்னும் கறாராக, இரண்டே இரண்டு பெரிய ஆணை வைத்தால் வேகமாக ஏறாதா? ஏறும், ஒரு தலைமுறை. 5 ஆணும் 50 பெண்ணும் வைத்திருப்பவர் 55 மீன் இருப்பதாக நினைப்பார். மரபுக் கணக்கில் அது 18 மீனுக்குத்தான் சமம்: இரண்டையும் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண். நம் 24-ம் 48-ம் 64 ஆகிறது. 50-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ப்பது: ஆண் நகரும், பெண் நகராது

அடுத்த தையில் அ அணிப் பெண்ணுக்கு இ அணி ஆண். ஆ அணிப் பெண்ணுக்கு அ அணி ஆண். இ அணிப் பெண்ணுக்கு ஆ அணி ஆண். பிறக்கும் குஞ்சு தாயின் அணியைச் சேரும். ஒவ்வொரு தலைமுறையும் ஆண்கள் ஒரு வீடு தள்ளிப் போகிறார்கள், அவ்வளவுதான். கூடப்பிறந்ததைக் கூடப்பிறந்ததோடு சேர்க்கும் விபத்து இதில் நடக்கவே நடக்காது. நாலைந்து தலைமுறைக்கு ஒருமுறை வெளியிலிருந்து நல்ல ஆண் மீன் சிலவற்றைக் கொண்டுவந்து ஏதாவது ஓர் அணியில் சேர்க்கலாம். அதற்கும் அதே இரண்டு வாரத் தனிக்குட்டை உண்டு.

ஐப்பசி மழைக்கு முன் ஆண், பெண்ணைப் பிரித்துவிடுங்கள். புதுத்தண்ணீர் விழுந்ததும் குட்டையில் தானாக முட்டையிட்டுவிட்டால் யார் பிள்ளை யார் என்று தெரியாத கூட்டம் சேர்ந்துவிடும்.

ஏறியது என்பதற்கு என்ன சாட்சி?

இந்த வருடம் 400, அடுத்த வருடம் 460 என்றால் தேர்வு பலித்தது என்று சொல்லிவிட முடியாது. மழை நன்றாகப் பெய்திருக்கலாம், புது மூட்டைத் தீவனம் நல்லதாக இருந்திருக்கலாம். அதற்காகத் தேர்வு செய்யாத ஒரு கிளையையும் கூடவே நடத்த வேண்டும். அளவெடுக்கும் நாளில், எடை பார்ப்பதற்கு முன்பே, கைக்கு வந்த முதல் மீன்களில் 5 பெண், 10 ஆணை ஒதுக்கிவிடுங்கள். அவற்றையும் அதே தையில் முட்டையிட வைத்து, நூறு குஞ்சுக்கு வலது மார்புத் துடுப்பை நறுக்கி, அதே குளத்தில் விடுங்கள். ஒரே தண்ணீர், ஒரே தீவனம். இரண்டு கூட்டத்தின் சராசரிக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் உழைப்பின் பலன். இதற்கு இடத்தை வீணாக்குவானேன் என்று தோன்றும். நூறு மீன்தானே.

தேர்ந்தெடுத்த கிளை மீன் எதுவும் ஆற்றுக்கோ ஏரிக்கோ போகாமல் வடிகாலில் நெருக்கமான வலை கட்டுவது உங்கள் பொறுப்பு. குஞ்சு விற்கத் தொடங்கும்போது மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வடிக்கும் நாளில் வியாபாரியைப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்த மீன் தாய்க்குட்டைக்குப் போய்ச் சேர்ந்து, நோட்டை மூடிவைத்த பிறகு, மயக்கத் தண்ணீரில் போடாத மிச்சத்துக்கு விலை பேசலாம். "பெரிசெல்லாம் எங்கண்ணே போச்சு?" என்று கட்டாயம் கேட்பார்.